தனியாக எதற்கும் பணம் கட்டாதீர்கள், தோழர்களே!

நமக்குச் சம்பளம் என்றைக்கு விழும் என்று வீட்டாருக்குத் தெரிகிறதோ இல்லையோ, நம்மை ஏய்க்கக் காத்திருப்பவனுக்குத் தெரியும். அட்டையில் பணம் ஏறியதும் துபாய் சோனாப்பூர் கேம்ப்பிலும் சவூதியின் ஜுபைலிலும் குவைத்தின் ஜலீபிலும் சிங்கப்பூர் துவாஸ் டார்மிட்டரியிலும் கைப்பேசிகள் அடிக்கத் தொடங்கிவிடுகின்றன. மாதாமாதம் நம்மில் சிலர் முழுச் சம்பளத்தையும் அப்படியே பறிகொடுக்கிறார்கள். சிலர் ஐந்து வருடச் சேமிப்பைப் பறிகொடுக்கிறார்கள். பறிகொடுத்ததை மேல் கட்டில்காரரிடம்கூடச் சொல்லாமல் மறுநாள் காலை நாலரைக்கு எழுந்து பஸ் ஏறுகிறார்கள். அடுத்த வாரம் அந்த மேல் கட்டில்காரருக்கே அதே அழைப்பு வருகிறது.

இதை இனியும் விட்டுவைக்க முடியாது. ஒவ்வொரு அறையும் இதற்கு ஒன்றுகூட வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

2023-24ஆம் நிதியாண்டில் வெளிநாடுகளிலிருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்த பணம் 11,870 கோடி டாலர். அதில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 விழுக்காடு என்கிறது ரிசர்வ் வங்கியின் ஆய்வு. மகாராஷ்டிரத்துக்கும் கேரளத்துக்கும் அடுத்த இடம் நமக்கு. இந்தத் தொகையில் அமெரிக்காவில் கணினி வேலை பார்ப்பவரின் பணமும் சேர்ந்திருக்கிறது. நான் பேசுவது கம்பி கட்டுகிறவர், சாரம் ஏறுகிறவர், கப்பல் பட்டறையில் வெல்டிங் அடிக்கிறவர், வீட்டு வேலைக்குப் போன அக்கா, தங்கை ஆகியோரின் பணத்தைப் பற்றி. ஏஜெண்டுக்குக் கட்ட மூன்று வட்டிக்கு வாங்கிய கடன், அடகுக் கடையில் கிடக்கும் மனைவியின் தாலிச்சங்கிலி, தங்கையின் கல்யாணம், பாதியில் நிற்கும் வீடு என்று ஒவ்வொரு திர்ஹாமுக்கும் ஒவ்வொரு சிங்கப்பூர் வெள்ளிக்கும் ஊரில் ஏற்கெனவே ஒரு செலவு காத்திருக்கிறது. பறிபோனால் திரும்பச் சம்பாதிக்க நம்மிடம் இருப்பது உடம்பு ஒன்றுதான்.

அந்த அழைப்பு எப்படி வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் இரவு ஒன்பது மணி வாக்கில். வேலை முடிந்து, மெஸ் சாப்பாடு முடிந்து, வீட்டுக்குப் பேச ஃபோனைக் கையில் எடுக்கும் நேரம். முதலில் இந்தி. நாம் திணறினால் தமிழ். “அண்ணே, பேங்க்லேர்ந்து பேசறேன். உங்க பத்தாக்கா, அந்த ஐடி கார்டு, இன்னும் அப்டேட் ஆகல. இன்னிக்கு ராத்திரியோட கார்டு பிளாக் ஆயிடும். பயப்படாதீங்க, நானே பண்ணிக் குடுத்துடறேன். மெசேஜ்ல ஒரு நம்பர் வரும், அதை மட்டும் சொல்லுங்க.” வாட்ஸ்அப் படத்தில் வங்கியின் முத்திரையும் இருக்கும், சில சமயம் போலீஸ் சீருடையும் இருக்கும். மெசேஜ் வருகிறது. எவ்வளவு பணம் எந்தக் கடைக்குப் போகிறது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்றும் எழுதியிருக்கிறது. எல்லாம் ஆங்கிலத்தில். நம் தோழருக்குப் படிக்கத் தெரிந்தது அந்த ஆறு இலக்கம் மட்டும். நிதானமாக, ஒவ்வொன்றாக, தப்பில்லாமல் படித்துச் சொல்கிறார். “நன்றிண்ணே” என்று ஃபோன் வைக்கப்படுகிறது.

அவரை முட்டாள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இருபதாவது மாடியில் சாரம் கட்டத் தெரிந்தவர் முட்டாளா? கார்டு முடங்கினால் இந்த மாதம் வீட்டுக்கு எப்படி அனுப்புவது என்ற பயத்தைப் பிடித்துத்தான் அவரை இழுத்தார்கள். அவருக்குப் புரியாத மொழியில் எச்சரிக்கை அனுப்பிவிட்டு, எச்சரித்தோமே என்று வங்கி கையைக் கழுவிக்கொள்கிறது.

ஆகவே முதல் கோரிக்கை வங்கிகளிடமும் பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்சுகளிடமும்தான். அந்த ஆறு இலக்க எண்ணோடு வரும் ஓடிபி செய்தி தமிழில் வர வேண்டும். இந்தியிலும் வங்காளத்திலும் உருதுவிலும் நேபாளியிலும் வர வேண்டும், ஏனென்றால் அந்தத் தோழர்களும் இதே கேம்ப்பில் இதே அழைப்பில்தான் விழுகிறார்கள். நம் சம்பளத்தைக் கையாண்டு கட்டணம் வாங்குகிறவர்களுக்கு நம் மொழியில் நான்கு வரி எழுதுவது பெரிய காரியமில்லை. அந்தந்த நாட்டு இந்தியத் தூதரகங்களும் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறையும் இதைக் கேட்டு வாங்கித் தர வேண்டும்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் முதல் அரை மணி நேரம்தான் முக்கியம். அழுவது, யோசிப்பது, அவனையே திரும்பக் கூப்பிட்டுக் கெஞ்சுவது எல்லாம் அப்புறம். முதலில் வங்கியைக் கூப்பிட்டு அட்டையை முடக்குங்கள். போனது இந்தியக் கணக்கிலிருந்து என்றால், ஊரில் இருக்கும் மனைவியோ தம்பியோ உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்கட்டும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டிருக்கும்போதே வழியில் நிறுத்திவைக்கும் ஏற்பாடு அது. நேரம் ஓட ஓட அதற்குப் பலன் குறையும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி இட்ட விதிப்படி, ஓடிபியை நாமே சொல்லியிருந்தாலும், வங்கிக்குத் தகவல் கொடுத்த பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. நம் தவறே இல்லாமல் வேறெங்கோ நடந்த கசிவில் பணம் போய், மூன்று வேலைநாளுக்குள் சொல்லிவிட்டால், நமக்கு இழப்பே கிடையாது. எத்தனை மணிக்குப் புகார் சொன்னோம், புகார் எண் என்ன என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் நம்மை அலைக்கழிக்கும்போது அந்தக் காகிதம்தான் பேசும்.

தோழர்களே, அந்தத் தமிழ்க் குரல் யாருடையது என்று நினைத்துப் பார்த்திருக்கிறீர்களா? அது நம் ஊர்ப் பையனாகவே இருக்கலாம். தாய்லாந்தில் கணினி வேலை என்று ஏஜெண்ட் சொன்னதை நம்பிப் போய், எல்லை கடத்தப்பட்டு, மியான்மரின் மியாவாடியில் துப்பாக்கிக் காவலில் அடைக்கப்பட்டவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். 2022-ல் சிலர் மீட்கப்பட்டுச் சென்னை வந்திறங்கினார்கள். கம்போடியாவிலும் லாவோசிலும் இதே கொட்டடிகள் உண்டு. இத்தனை பேரை ஏமாற்ற வேண்டும் என்று அங்கே கணக்கு வைப்பார்கள். கணக்கு குறைந்தால் அடி, மின்சார அதிர்ச்சி. நம்மிடம் திருடும் கும்பல்தான் நம் பிள்ளைகளையும் திருடுகிறது. ஊரில் யாராவது வெளிநாடு கிளம்புகிறார்கள் என்றால், அந்த ஏஜெண்ட் இந்திய அரசின் ஈ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்கச் சொல்லுங்கள். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணமே 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்பவனும், “முதல்ல விசிட்ல போங்க, அங்க போய் மாத்திக்கலாம்” என்பவனும் நம்மை விற்கப் பார்க்கிறான்.

வெளியே இருப்பவன் ஃபோனில் வருகிறான். இன்னொருவன் நம் அறைக்குள்ளேயே, நம் ஊர்க்காரனாக, மச்சான், மாப்ளே என்று கூப்பிட்டுக்கொண்டு வருகிறான். எனக்கு இவனைப் பற்றித்தான் அதிகக் கவலை.

துபாயில் எக்ஸென்ஷியல் என்ற நிறுவனம் அந்நியச் செலாவணி வியாபாரம் என்று சொல்லி, 25,000 டாலர் போட்டால் ஆண்டுக்கு 120 விழுக்காடு லாபம் என்று ஆள் பிடித்தது. 2016-ல் இழுத்து மூடப்பட்டது. சுமார் 20 கோடி டாலர் சிக்கிய அந்த வழக்கில், 2018-ல் துபாய் நீதிமன்றம் அதை நடத்தியவர்களுக்கு 500 ஆண்டுகளுக்கு மேல் சிறை விதித்தது. கடன் வாங்கிக் கட்டியிருந்தவர்கள் வங்கிக்குத் தவணை கட்டிக்கொண்டேயிருந்தார்கள். நம் ஊரில், சென்னை அமைந்தகரையில் அலுவலகம் வைத்திருந்த ஆருத்ரா கோல்டு நிறுவனம் மாதத்துக்கு 30 விழுக்காடு வரை தருவதாகச் சொல்லிச் சுமார் 1 லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியது. 2022 மே மாதம் போலீஸ் உள்ளே போனது. அதற்கு முன்னால் திருப்பூரின் பாசி நிறுவனம், 930 கோடி. 2009-ல் வெடித்த அந்த விவகாரத்தில் கோவை சிறப்பு நீதிமன்றம் 27 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது 2022 ஆகஸ்டில். பதின்மூன்று ஆண்டுகள்! பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கென்று போட்டவரின் பிள்ளை அதற்குள் படிப்பு முடித்திருக்கும், அல்லது படிக்காமலே போயிருக்கும்.

மாதம் 30 விழுக்காடு என்ற கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். வரும் வட்டியை எடுக்காமல் திரும்பத் திரும்ப அதிலேயே போட்டால் 1 லட்சம் ஒரே ஆண்டில் 23 லட்சத்தைத் தாண்டும். எந்தத் தங்க வியாபாரத்தில், எந்த நாட்டில் இந்த லாபம் கிடைக்கிறது? எங்கும் கிடையாது. பின்னால் வருபவனின் முதலை எடுத்து முன்னால் வந்தவனுக்கு வட்டி என்று கொடுக்கிறார்கள். முதல் மூன்று மாதம் சரியாக வருவதே அதற்காகத்தான். அந்த வட்டி வந்த செய்தியைக் காட்டித்தான் நம் தோழர் இன்னும் நான்கு பேரைச் சேர்க்கிறார். சேர்த்ததற்குக் கமிஷன் வாங்குகிறார். வெள்ளிக்கிழமை பிரியாணி போட்டு, தொழுகை முடிந்தோ கோயில் பஜனை முடிந்தோ நாலு பேரை உட்கார வைத்துப் பேசுகிறார். பாதி நேரம் அவரே அதை நம்புகிறார். அவருடைய பணமும் உள்ளேதான் இருக்கிறது. நிறுவனம் ஓடிப்போன அன்று, முகமறியாத முதலாளியைத் தேடிப் போக வழியில்லாதவர்கள் பக்கத்துக் கட்டில் தோழரின் சட்டையைப் பிடிக்கிறார்கள். ஊரில் இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்துகின்றன. ஆருத்ரா வழக்கில் இயக்குநர்களோடு முகவர்களும் கைதானார்கள் என்பதை ஆள் சேர்க்கும் தோழர்கள் மறக்க வேண்டாம்.

உங்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். சக தொழிலாளியைச் சேர்த்துவிட்டு வரும் கமிஷனைத் தொடாதீர்கள். உங்களுக்கு வரும் அந்தக் கமிஷன் அவருடைய முதலிலிருந்து வெட்டிக் கொடுக்கப்படுகிறது. யாராவது புதிய திட்டத்தோடு அறைக்குள் வந்தால், உரிமம் எங்கே என்று எல்லோர் முன்னாலும் கேளுங்கள். பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி உள்ள நிறுவனமா என்பதை ரிசர்வ் வங்கியின் சசேத் தளத்தில் பார்க்கலாம். சிங்கப்பூரில் நாணய ஆணையமான எம்.ஏ.எஸ். வெளியிடும் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியல் இருக்கிறது. 2019-ல் வந்த சட்டப்படி முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டம் நடத்துவதே குற்றம். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்துவிடுங்கள். அவன் திருப்பித் தருவதாகச் சொல்கிறான், புகார் கொடுத்தால் அதுவும் வராது என்று பேசி நம்மை உட்கார வைப்பார்கள். முடக்கிய சொத்தைப் பிரிக்கும் நாளில் புகாரே கொடுக்காதவர் பங்கு கேட்டு நிற்பது கடினம். வெளிநாட்டிலிருந்தே புகார் கொடுத்து, வீடியோவில் வாக்குமூலம் தர வழி வேண்டும் என்று தமிழ்நாடு அரசிடம் நாம் வலியுறுத்த வேண்டும். புகார் கொடுக்க லீவு போட்டு, டிக்கெட் எடுத்து வா என்றால் எத்தனை பேரால் வர முடியும்?

அடுத்தது உண்டியல் என்கிற ஹவாலா. எக்ஸ்சேஞ்சைவிட ரேட் கொஞ்சம் கூட, வீட்டு வாசலிலேயே பணம், ரசீது இல்லை. நம்மில் பலர் பழக்கத்தில் போடுகிறோம். அது சட்டவிரோதம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். இப்போது அதில் புதிதாக ஒரு ஆபத்து சேர்ந்திருக்கிறது. உண்டியல்காரர் இப்போதெல்லாம் பல சமயம் வீட்டில் நோட்டாகக் கொடுக்காமல், மனைவியின் கணக்கில் போட்டுவிடுகிறார். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? தெலங்கானாவிலோ குஜராத்திலோ யாரோ ஒரு முதியவரிடம் சைபர் கும்பல் பறித்த பணமாக அது இருக்கலாம். அவர் புகார் கொடுக்கிறார். அந்த மாநிலப் போலீஸ் பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டே வந்து அறந்தாங்கியிலோ கீழக்கரையிலோ இருக்கும் உங்கள் மனைவியின் கணக்கை முடக்குகிறது. பள்ளிக்கூடக் கட்டணம் கட்டப் போனவருக்கு ஏடிஎம்மில் பணம் வரவில்லை. வங்கி மேலாளர் கையை விரிக்கிறார், போலீஸ் நிலையம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். நம் உழைப்பின் பணம் என்று நிரூபிக்க நம்மிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. ஆயிரம் திர்ஹாமுக்குக் கிடைக்கும் சில நூறு ரூபாய்க்காக வீட்டுப் பெண்களைக் குற்றவாளிகள் போல அலைய விடலாமா? ரசீது தருகிற இடத்தில் மட்டும் அனுப்புங்கள். ரசீதுகளை ஃபோனில் படமெடுத்து வீட்டுக்கும் அனுப்பி வையுங்கள்.

இந்த மோசடிப் பணம் ஓடுவதற்குக் கணக்குகள் வேண்டும். அவற்றையும் நம்மிடமிருந்தே வாங்குகிறார்கள். எக்ஸிட் அடித்து ஊருக்குக் கிளம்பும் தோழரிடம், “எப்படியும் போகப்போறீங்க, கார்டையும் சிம்மையும் குடுத்துட்டுப் போங்கண்ணே” என்று சில நூறு திர்ஹாம் நீட்டுகிறார்கள். சிங்கப்பூரில் அறுநூறு, எழுநூறு வெள்ளிக்கு வங்கிக் கணக்கையும் சிங்பாஸ் என்ற அரசு இணைய அடையாளத்தையும் கேட்கிறார்கள். 2024 பிப்ரவரி முதல் சிங்பாஸ் விவரத்தை இப்படிக் கைமாற்றுவது அங்கே தனிக் குற்றம். எனக்கு எதுவும் தெரியாது என்ற பதில் செல்லுபடியாகாது. கணக்கு உங்கள் பெயரில், சிம் உங்கள் பத்தாக்காவில். அதன் வழியாக ஏமாற்றப்பட்ட பிலிப்பினோ தாதியோ பாகிஸ்தான் டிரைவரோ கொடுக்கும் புகாரில் உங்கள் பெயர்தான் வரும். மறுபடி விசா எடுத்து வருகிறவரை விமான நிலையத்திலேயே நிறுத்த அது போதும். ஊருக்குக் கிளம்பும் முன் கணக்கை மூடுங்கள், சிம்மை ரத்து செய்யுங்கள். கிளம்புகிறவருடன் அறைத் தோழர் ஒருவர் வங்கிக்குக் கூடப் போகட்டும்.

ஊரில் இருக்கும் சொத்துக்கும் குடும்பத்துக்கும் காவல் வேண்டும். நிலம் வாங்கியவர்கள் பவர் பத்திரத்தை யாருக்கு, எதற்காக, எவ்வளவு காலத்துக்கு என்று வரையறுத்துக் கொடுங்கள். பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றை அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். சீட்டுப் போடுகிறவர்கள் 1982ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான சீட்டா என்று கேளுங்கள். வீட்டுக்கு, “உங்க வீட்டுக்காரர் இங்க ஜெயில்ல இருக்கார், உடனே பணம் அனுப்புங்க” என்று அழைப்பு வரும். போலீஸ் வேடத்தில் வீடியோ அழைப்பில் வந்து டிஜிட்டல் கைது என்றும் மிரட்டுவார்கள். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. இப்படி அழைப்பு வந்தால் உங்களையோ அறைத் தோழரையோ கூப்பிட்டுக் கேட்காமல் ஒரு பைசா அனுப்பக்கூடாது என்று வீட்டில் இன்றே சொல்லி வையுங்கள்.

இத்தனை வழியிலும் மோசடிக்காரர்களுக்குத் துணை நிற்பது நம் வெட்கம், தோழர்களே. ஏமாந்தவர் சொல்வதில்லை. சொன்னால் சிரிப்பார்கள், ஊருக்குத் தெரிந்துவிடும், மாமனார் வீட்டில் மதிப்புப் போய்விடும். இந்த மௌனத்தில்தான் ஒரே ஆள் ஒரே கேம்ப்பில் அறை அறையாக வசூல் செய்துகொண்டு போகிறான். முதல் அறையில் ஒருவர் வாய் திறந்திருந்தால் இரண்டாவது அறை தப்பித்திருக்கும். ஏமாந்ததைச் சொல்கிறவரைப் பார்த்துச் சிரிப்பவரை அறையே கண்டிக்க வேண்டும். சொன்னவருக்குத் தைரியம் சொல்லுங்கள், இரண்டு நாள் தனியாக விடாதீர்கள், சாப்பிட வையுங்கள். அவருக்காகக் கேம்ப் முழுக்க வசூலில் மட்டும் இறங்காதீர்கள். அமீரகத்தில் அனுமதியின்றி நன்கொடை திரட்டுவது குற்றம்.

வளைகுடாவின் பல நாடுகளில் நாம் சங்கம் வைக்க முடியாது. ஆனால் எட்டுப் பேர் தங்கும் அறையில் எட்டுப் பேரும் ஒரு மணி நேரம் பணத்தைப் பற்றிப் பேசுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. வருகிற விடுமுறை நாளில் உட்காருங்கள். சம்பளத்தை வீட்டுக்கு அனுப்புவது தவிர வேறு எதற்குப் பணம் கட்டுவதானாலும் அறையில் இருவரிடம் சொல்லி, ஒரு இரவு பொறுத்துத்தான் கட்டுவது என்று முடிவெடுங்கள். மோசடிக்காரன் எல்லோரிடமும் சொல்வது ‘இப்பவே’, ‘யார்கிட்டயும் சொல்லாதீங்க’ என்பதுதான். ஒரு இரவும் இரண்டு தோழர்களும் குறுக்கே வந்தாலே அவன் வேலை பாதி கெட்டுப்போகும். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒருவர், அறைக்கு வரும் வங்கிச் செய்திகளைப் படித்துச் சொல்லும் பொறுப்பை ஏற்கட்டும். நம்பரை மறைத்துவிட்டுப் படித்தாலே போதும். பக்கத்து அறையில் வங்காளத் தோழர்கள் இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள்.

துபாய்ப் போலீஸ் 901. அமீரகத்தில் இந்தியத் தொழிலாளர் உதவி மையம் 800 46342. சிங்கப்பூரில் மோசடி உதவி எண் 1799. இந்தியாவில் 1930. இந்த எண்களைக் கதவுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ஏற்கெனவே பணத்தை இழந்து யாரிடமும் சொல்லாமல் இருக்கும் தோழர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், இன்றிரவே பக்கத்துக் கட்டிலில் இருப்பவரை எழுப்பிச் சொல்லுங்கள்.